வரைபடத்தில் அடங்காத பணிகள்: பாதுகாப்புத் துறை நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம். நான் இந்திய விமானப்படையில் இருபது ஆண்டுகள், பெரும்பாலும் உதிரிபாகக் கிடங்குகளில், பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் வசிக்கிறேன். முப்படைகளையும் ஒரே தளபதியின்கீழ்க் கொண்டுவரும் களக் கட்டளையகங்களை, அதாவது நாளிதழ்கள் ‘தியேட்டர் கமாண்ட்’ என்று எழுதுகிறவற்றை, அமைப்பது பற்றி நாட்டில் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. மேற்கு எல்லைக்கு ஜெய்ப்பூர், வடக்கு எல்லைக்கு லக்னோ, கடலுக்குத் திருவனந்தபுரம் என்று தலைமையகங்களின் பெயர்கள்கூடச் செய்திகளில் வந்துவிட்டன. ஆனால் இந்த விவாதம் முழுவதும் எந்த எல்லைக்கு எந்தத் தளபதி என்ற கேள்வியையே சுற்றிவருகிறது. எந்த எல்லைக்கும் சொந்தமில்லாத பணிகளை யார் பொறுப்பில், எவ்வளவு அதிகாரத்தோடு ஒப்படைப்பது என்ற கேள்வி ஓரத்தில் கிடக்கிறது. அந்தக் கேள்வியைத் தங்கள் குழு கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நான் வசிக்கும் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். 2020இல் இரண்டாவது தேஜஸ் ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்ட சூலூர் விமானதளம், திருவனந்தபுரத்திலுள்ள தெற்கு விமானக் கட்டளையகத்தின்கீழ் வருகிறது. அதே சூலூரில் இருக்கும் பழுதுபார்ப்புப் பணிமனையோ நாக்பூரிலுள்ள பராமரிப்புக் கட்டளையகத்துக்கு உட்பட்டது. கோவை நகருக்குள் ரெட்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குத் தலைமையகம் பெங்களூரில் இருக்கும் பயிற்சிக் கட்டளையகம். அதே நகரில் உள்ள கடற்படையின் பயிற்சி நிலையமான ஐஎன்எஸ் அக்ரணி, கொச்சியிலுள்ள தெற்குக் கடற்படைக் கட்டளையகத்தைச் சேர்ந்தது. நகரப் பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் நான்கு கட்டளையகங்களின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன.

ஊரில் பலர் இதைக் குழப்பம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ஓர் ஒழுங்கு. போர் விமான ஸ்குவாட்ரன் காக்க வேண்டியது ஒரு குறிப்பிட்ட வானத்தையும் கடலையும். ஆகவே அந்த வானத்துக்கும் கடலுக்கும் பொறுப்பான தளபதியிடம் அது இருக்கிறது. இதை எல்லைவழிக் கட்டளையகம் என்று சொல்லலாம். பழுதுபார்ப்புப் பணிமனைக்கு வரும் இயந்திரம் அஸ்ஸாமிலிருந்தும் வரலாம், ராஜஸ்தானிலிருந்தும் வரலாம். அது செய்யும் வேலைக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. அந்த வேலையை நாடு முழுவதற்கும் சேர்த்து ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் பணிவழிக் கட்டளையகம். பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றில் நமது படைகள் இந்த வேறுபாட்டைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஏற்றுக்கொள்ளாதது ஒன்றுதான்: படைகளுக்கு இடையில் உள்ள மதில். தரைப்படைக்கு ஏழு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று என்று மொத்தம் 17 தனிப்படைக் கட்டளையகங்கள் இருக்கின்றன. இவற்றில் எந்த இரண்டின் தலைமையகமும் ஒரே ஊரில் இல்லை. கிழக்கை எடுத்துக்கொண்டால் தரைப்படைக்குக் கொல்கத்தா, விமானப்படைக்கு ஷில்லாங், கடற்படைக்கு விசாகப்பட்டினம். பயிற்சிக்கு வந்தால் தரைப்படைக்குச் சிம்லா, விமானப்படைக்குப் பெங்களூர், கடற்படைக்குக் கொச்சி. முப்படைக்கும் பொதுவாக இருப்பவை இரண்டே இரண்டு. 2001இல் போர்ட் பிளேரில் அமைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் எல்லைவழியானது. 2003 ஜனவரியில் அமைந்த அணு ஆயுதப் பொறுப்புக்கான வியூகப் படைக் கட்டளையகம் பணிவழியானது.

இந்த இரண்டின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் அவர்கள் தலைமையில் 1999இல் அமைக்கப்பட்ட கார்கில் ஆய்வுக் குழுவும், அதையடுத்து வந்த அமைச்சர்கள் குழுவும் உண்டாக்கிய சூழலில் பிறந்தவை இரண்டும். அந்தமானில் ஒவ்வொரு படையும் தன் கப்பலையும் விமானத்தையும் பொதுத் தளபதியிடம் நிரந்தரமாக விடத் தயங்கியதாகப் பல ஆண்டுகள் விமர்சனம் இருந்தது. வியூகப் படைக் கட்டளையகத்தில் அந்த இழுபறி அந்த அளவுக்கு எழவில்லை. அக்னி ஏவுகணைப் பிரிவில் நிற்பவர் தரைப்படைச் சீருடை அணிந்திருக்கலாம், நீர்மூழ்கியில் இருப்பவர் கடற்படைக்காரராக இருக்கலாம்; ஆனாலும் அந்த ஆயுதம் யாருடையது என்ற ஐயம் கிடையாது. பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவில் தொடங்கிக் கட்டளை வரிசை ஒரே கோடாக இறங்குகிறது. பணி எது என்று தெளிவாக வரையறுத்து, அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் நமது படைகளால் மதிலைத் தாண்ட முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம்மிடமே இருக்கிறது.

அந்த மதில் எவ்வளவு உயரமானது என்பதை நான் கிடங்கிலிருந்து பார்த்திருக்கிறேன். வடக்கே மலையடிவாரத்தில் ஒரு தளம், பெயர் வேண்டாம். எங்களிடம் இருந்த சேத்தக் ஹெலிகாப்டர் ஒன்று வால் விசிறியில் ஒரு பேரிங் தேய்ந்து தரையிறங்கிவிட்டது. ஓர் உதிரிபாகம் இல்லாமல் பறக்க முடியாது நிற்கும் விமானத்தை நாங்கள் ‘ஏஓஜி’ என்போம். அதற்கான கோரிக்கைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை உண்டு. கோரிக்கை அன்று மாலையே போய்விட்டது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவு இருந்தது. அவர்களும் அதே ரக ஹெலிகாப்டரைத்தான் பறக்கவிட்டார்கள். அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஹவில்தார் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். மறுநாள் நான் போய்க் கேட்டபோது, மெழுகுத்தாள் உறை பிரிக்காத அதே பேரிங்கை அலமாரியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு திரும்ப வாங்கி அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

அவர் மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை. அந்தப் பொருள் அவருடைய படையின் கணக்கில் இருந்தது. எங்கள் பட்டியலில் அதற்கு ஓர் எண், அவர்கள் பட்டியலில் வேறோர் எண். கொடுத்தால் எந்தத் தாளில் கழிப்பது, யார் கையெழுத்திடுவது, திருப்பித் தருவதை யார் உறுதிசெய்வது என்று சொல்லும் அதிகாரி எங்கள் இருவருக்கும் மேலே, தில்லிவரை போனால்தான் இருந்தார். எங்களுக்குரிய பேரிங் தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. அந்த ஒன்பது நாட்களில் ஒரு முறை மலைமேல் நோயுற்ற ஜவான் ஒருவரைக் கீழே கொண்டுவர வேறு தளத்திலிருந்து ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பேரிங்கின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

பெருமக்களே, களக் கட்டளையகங்கள் வந்துவிட்டால் இது தானாகத் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பாதி தீரும். அந்தத் தளத்துக்குள் இருக்கும் இரு படைகளுக்கும் ஒரே தளபதி கிடைப்பார், மதில் தாழும். ஆனால் அந்தப் பேரிங் ஜெய்ப்பூரின்கீழ் உள்ள கிடங்கிலும், ஹெலிகாப்டர் லக்னோவின்கீழ் உள்ள தளத்திலும் இருந்தால்? படைக்குப் படை நின்ற மதிலை இடித்துவிட்டு, களத்துக்குக் களம் புதிதாக ஒன்றை எழுப்பியவர்களாவோம். தளவாட வழங்கலையும் போக்குவரத்தையும் எல்லையின்படி வெட்டினால் இதுதான் நேரும்.

போக்குவரத்து விமானங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே இது விளங்கும். நம்மிடம் உள்ள சி-17 பெரும் போக்குவரத்து விமானங்கள் 11. எல்லாம் தில்லியை அடுத்த ஹிண்டனில் நிற்கின்றன. வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஐஎல்-78 விமானங்கள் ஆறு, அவை ஆக்ராவில். சி-130ஜே விமானங்கள் பன்னிரண்டும் ஹிண்டனுக்கும் மேற்கு வங்கத்துப் பானாகருக்கும் இடையே பிரிந்திருக்கின்றன. இந்த மூன்று தளங்களும் மேற்கு, மத்திய, கிழக்கு என்று மூன்று எல்லைவழிக் கட்டளையகங்களைச் சேர்ந்தவை. 2020இல் கல்வான் மோதலுக்குப் பின் 68,000க்கும் மேற்பட்ட வீரர்களையும் டாங்கிகளையும் விமானப்படை லடாக்குக்கு ஏற்றிச் சென்றதாக அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். நாடு முழுவதிலுமிருந்து விமானங்களைத் திரட்ட முடிந்ததால்தான் அது நடந்தது. பதினோரு சி-17களை மூன்று களங்களுக்கும் பங்கு பிரித்தால் எந்தக் களத்துக்கும் போதாது. பிரிக்காமல் வைத்தாலோ, யார் கேட்டால் முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்கப் படைகள் பட்ட பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அவர்கள் அமைப்பை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் செலவழித்துக் கற்ற ஒரு பாடம் நமது இன்றைய நிலைக்கு நேராகப் பொருந்துகிறது. அங்கே இன்று 11 ஒருங்கிணைந்த கட்டளையகங்கள் உள்ளன. அவற்றில் வியூகப் படை, சிறப்புப் படை, போக்குவரத்து, இணையவெளி ஆகிய நான்கும் பணிவழியானவை. 1978இல் அவர்கள் ‘நிஃப்டி நகெட்’ என்ற பெயரில், ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டால் படைகளை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று தாளில் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகை படுதோல்வி. கப்பலும் விமானமும் லாரியும் தனித்தனி அமைப்புகளின் கையில் இருந்தன. ஒன்றின் திட்டம் மற்றொன்றுக்குத் தெரியவில்லை. உடனே 1979இல் ஒரு கூட்டு முகமையை நிறுவினார்கள். ஒருங்கிணைக்கும் பொறுப்பை அதற்குக் கொடுத்தார்கள். உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அந்த முகமையால் ஒன்றையும் திருத்த முடியவில்லை.

படைகளின் கட்டளை அமைப்பைச் சீர்திருத்திய கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம் 1986இல் வந்தபின், 1987இல் அந்த முகமை இருந்த இடத்தில் போக்குவரத்துக் கட்டளையகம் வந்தது. அப்போதும் அரைமனதுதான். படைகள் தங்கள் போக்குவரத்து அமைப்புகளை அமைதிக்காலத்தில் தம்மிடமே வைத்துக்கொண்டன. போர் வந்தால்தான் கட்டளையகத்தின் சொல் எடுபடும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரையும் அவர்களுக்கு வேண்டிய அனைத்தையும் வளைகுடாவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. வேலை நடந்தது, ஆனால் போரின் நடுவில் ஒருவரோடொருவர் பழக வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் 1992 பிப்ரவரியில்தான், அமைதிக்காலத்திலும் போர்க்காலத்திலும் அந்தப் போக்குவரத்து அமைப்புகள் இந்தக் கட்டளையகத்தின் கையிலேயே இருக்கும் என்று புதிய சாசனம் வந்தது. ஒத்திகையில் தோற்றதிலிருந்து முழு அதிகாரம் வரும்வரை பதினான்கு ஆண்டுகள் ஆயின.

சிறப்புப் படைகளின் கதை இன்னும் துயரமானது. 1980 ஏப்ரலில் டெஹ்ரானில் பிணை பிடிக்கப்பட்டிருந்த தங்கள் நாட்டவரை மீட்க, தரைப்படை அதிரடி வீரர்கள், விமானப்படை விமானங்கள், கடற்படை ஹெலிகாப்டர்கள், அவற்றை ஓட்டக் கடற்படைத் தரைவீரர்கள் என்று அந்தத் தறுவாயில் ஒரு படையைத் திரட்டினார்கள். புறப்பட்ட எட்டு ஹெலிகாப்டர்களில் ஆறுதான் பாலைவனச் சந்திப்பிடத்தை அடைந்தன. அவற்றிலும் ஒன்று பழுது. குறைந்தது ஆறு வேண்டும் என்பதால் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பும்போது, ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றிய சி-130 மீது மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் ஓரிடத்தில் கூடி முழு ஒத்திகை ஒன்றுகூடப் பார்க்கவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையின் முக்கியக் குறை. 1987இல் சிறப்புப் படைக் கட்டளையகம் நாடாளுமன்றத்தின் சட்டத்தாலேயே அமைந்தது. அதற்கென்று தனி நிதி ஒதுக்கீடும் அதே சட்டத்தால் வந்தது. படைகள் விரும்பிக் கேட்டுப் பெற்றதல்ல அது. மக்கள் பிரதிநிதிகள் வலியுறுத்தியதால் வந்தது. தங்கள் குழுவுக்கு எழுத என்னைத் தூண்டியதும் இந்தச் செய்திதான்.

இனி நமது நிலைக்கு வருகிறேன். இணையவெளி, விண்வெளி, சிறப்பு நடவடிக்கை ஆகிய மூன்றுக்கும் முப்படைக்கும் பொதுவான அமைப்புகள் 2018, 2019 காலத்தில் நமக்கும் வந்தன. ஆனால் அவற்றின் பெயரைக் கவனியுங்கள். பாதுகாப்பு இணையவெளி முகமை. பாதுகாப்பு விண்வெளி முகமை. ஆயுதப்படைச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு. ஒன்றுக்கும் கட்டளையகம் என்ற தகுதி இல்லை. மேஜர் ஜெனரல், ரியர் அட்மிரல், ஏர் வைஸ் மார்ஷல் என்ற இரண்டு நட்சத்திரத் தரத்தில் உள்ளவர்களே அவற்றுக்குத் தலைமை தாங்குகிறார்கள். இன்றைய எல்லைவழிக் கட்டளையகங்களின் தலைவர்கள் மூன்று நட்சத்திரத் தரத்தில் இருக்கிறார்கள். நாளைய களத் தளபதிகள் அதற்கும் மேலே நான்கு நட்சத்திரமாக இருக்கக்கூடும் என்று பேசப்படுகிறது. படையில் இருபது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோளில் இரண்டு நட்சத்திர வித்தியாசம் இருக்கும்போது கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் ‘இது என் பணி, என்னிடம் கொடுங்கள்’ என்று கேட்க மாட்டார். கேட்டாலும் கிடைக்காது. அமெரிக்கர்கள் 1979இல் நிறுவி எட்டு ஆண்டுகள் வீணாக்கிய முகமை எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலைக்கு மிக அருகில் நமது முகமைகள் இன்று இருப்பதாக நான் அஞ்சுகிறேன்.

இணையவெளியை எல்லைவழியாகப் பிரிக்க முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது கண்டறியப்பட்டது. அணுமின் கழகம் அக்டோபர் இறுதியில் அதை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனி வலையமைப்பில் இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. அது குடிமைத்துறை நிறுவனம், படைகளின் பொறுப்பன்று என்பதை அறிவேன். ஆனால் நாளை அதே போன்ற ஒரு தாக்குதல் விஜயநாராயணத்திலுள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் மீது வந்தால், அது எந்தக் களத்தின் பிரச்சினை? கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. நிற்பது திருநெல்வேலிச் சீமையில். அதன் சொல்லைக் கேட்பவர்கள் எந்தக் கடலிலும் இருக்கலாம். தாக்குபவன் எந்த நாட்டிலும் இருக்கலாம். எந்த வரைபடத்தை விரித்தும் இதற்கு எல்லை வகுக்க இயலாது.

பணிவழி என்பதையே ஒரு மந்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. சீனா 2016 பிப்ரவரியில் ஏழு இராணுவ மண்டலங்களைக் கலைத்து ஐந்து களக் கட்டளையகங்களை அமைத்தது. அதற்குச் சற்று முன்பு, 2015இன் கடைசி நாளில், விண்வெளி, இணையவெளி, மின்னணுப் போர் எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் வியூக ஆதரவுப் படை என்று சேர்த்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், அந்தப் படையைக் கலைத்து விண்வெளிக்கு ஒன்று, இணையவெளிக்கு ஒன்று, தகவல் ஆதரவுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதேநேரம் 2016இல் வூஹானைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்கள் அமைத்த கூட்டுத் தளவாட ஆதரவுப் படையை அவர்கள் கலைக்கவில்லை. ஒரே ஒரு பணி, தெளிவான எல்லை. அதனால் நிலைத்தது என்பது என் கணிப்பு. அமெரிக்காவும் தன் கூட்டுப் படைக் கட்டளையகத்தை 2011இல் மூடியது. விண்வெளிக் கட்டளையகத்தை 2002இல் கலைத்து, 2019இல் மீண்டும் நிறுவியது. நமது மூன்று முகமைகளையும் சிக்கனம் கருதி ஒன்றாகக் கட்டிவிடலாம் என்ற யோசனை தங்கள் முன் வந்தால் இந்த அனுபவத்தை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

நம் நாட்டிலும் ஒரு பணிவழி முயற்சி தொடங்கியிருந்தது. முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் அவர்கள் 2020 ஜனவரியில் பதவியேற்ற உடனேயே, வான் பாதுகாப்புக்கென்று தனிக் கட்டளையகம் அமைக்கும் திட்டத்தை அந்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் தயாரிக்கும்படி பணித்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. விமானப்படைக்குள் அதற்கு எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். காலையில் நம் வானத்தைக் காக்கும் அதே சுகோய் விமானம்தான் மாலையில் எதிரியின் தளத்தைத் தாக்கப் போகிறது. இரண்டையும் இரண்டு தளபதிகளிடம் பிரித்தால் விமானம் யாரிடம் நிற்கும்? 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பதையொட்டியே வைத்திருக்கும் படைக்கு இது சிறிய கேள்வி அல்ல. ஆனால் விமானப்படை இதே காரணத்தைச் சொல்லி எல்லாப் பொது அமைப்புகளையும் தள்ளிவைப்பதை ஏற்க முடியவில்லை. போர் விமானத்துக்குப் பொருந்துவது பேரிங்குக்கும் சி-17க்கும் பொருந்தாது. ஒரு பணியைத் தனியே எடுத்தால் அதன் கருவிகள் வேறு பணியிலிருந்து பிய்ந்து வருகின்றனவா, முழுதாக வருகின்றனவா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் போதும். போக்குவரத்தும் தளவாடமும் இணையவெளியும் முழுதாக வருகின்றன. வான் பாதுகாப்பு பிய்ந்து வருகிறது.

ஜெனரல் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் முப்படைக் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்தார். அடுத்த தலைமைத் தளபதியாக ஜெனரல் அனில் சவுகான் பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30இல்தான். அந்தப் பத்து மாத வெற்றிடத்தில் எல்லாமே நின்றுபோனதாக நான் சொல்லவில்லை. ஆனால் அதிகாரம் சட்டத்தில் எழுதப்படாமல் ஒருவரின் முனைப்பில் இருந்தால் அவர் இல்லாதபோது என்னாகும் என்பதை எங்கள் மலைச்சரிவில் நாங்கள் நேரில் பார்த்தோம்.

சட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த முப்படைகளுக்கு இடையிலான அமைப்புகள் சட்டம், பொது அமைப்பின் தளபதிக்குத் தன்கீழ் உள்ள எந்தப் படையைச் சேர்ந்தவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதற்கு முன்பு, தவறு செய்த கடற்படைக்காரரை விசாரிக்க அவரைத் தாய்ப்படைக்கே திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. நல்ல சட்டம். ஆனால் அது ஆட்களின் ஒழுங்கைப் பற்றியது. எந்தக் கருவி யாருடையது, கேட்பவர் யார், கொடுப்பவர் யார், இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் யார் முடிவு செய்வது என்பதைப் பற்றி அது பேசவில்லை. 2019 டிசம்பரில் அமைச்சரவை எடுத்த முடிவின்படி இணையவெளி, விண்வெளி சார்ந்த முப்படை அமைப்புகள் தலைமைத் தளபதியின் கட்டளையின்கீழ் இருக்கின்றன. அதே முடிவு, மூன்று படைத் தளபதிகள் மீது அவருக்குக் கட்டளை அதிகாரம் இல்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் ஒரு களத் தளபதி கேட்கும் விமானத்தைப் படைத் தளபதி தர மறுக்கும்போது தீர்ப்பு எங்கே கிடைக்கும்? இதற்கு எழுத்தில் விடை வேண்டும்.

ஆகவே தங்கள் குழு அடுத்த அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும் என்று நான் விரும்புவது இதுதான். களக் கட்டளையகங்களுக்கு முன்போ, தவறினால் அவற்றோடு ஒரே நாளிலோ, தளவாடத்துக்கும் போக்குவரத்துக்கும் முப்படைப் பொதுக் கட்டளையகம் ஒன்று அமைய வேண்டும். 2021இல் மும்பை, குவாஹாத்தி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் தொடங்கிய கூட்டுத் தளவாட மையங்கள் அதன் முதல் கிளைகளாகட்டும். அமைதிக்காலத்திலேயே கிடங்குகளும் பெரும் போக்குவரத்து விமானங்களும் அதன் கையில் இருக்கட்டும். பொதுவான கருவிகளின் உதிரிபாகங்களுக்கு முப்படையிலும் ஒரே எண் என்பது அதன் முதல் வேலையாகட்டும். இணையவெளி, விண்வெளி, சிறப்பு நடவடிக்கை ஆகிய மூன்றும் தனித்தனியாகவே, ஆனால் களத் தளபதிகளோடு சமமாக உட்காரும் தரத்தில் ஒரு தலைவரோடும், மானியக் கோரிக்கையில் தனக்கென்று ஒரு தலைப்போடும் கட்டளையகங்களாக உயர வேண்டும். தரைப்படையின் பாரா, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் ஆகிய சிறப்புப் படைகளின் வீரர்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் போர்க்களமாக இருக்கக் கூடாது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலான வழக்கைத் தீர்ப்பவர் யார் என்பது அரசாணையில் அல்ல, சட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. தங்கள் குழுவின் முன் சாட்சியமளிக்கப் பெரும்பாலும் செயலாளர்களும் மூன்று நட்சத்திர அதிகாரிகளும் வருகிறார்கள். அவர்கள் சொல்வது தேவைதான். இந்தப் பொருளைப் பொறுத்தவரை, கிடங்குப் பொறுப்பில் இருக்கும் ஒரு வாரண்ட் ஆபீசரையும், ஒரு சுபேதாரையும், கடற்படையின் ஒரு மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசரையும் ஒரே நாளில், ஒரே மேசையில் அழைத்து, இன்று இரவு பக்கத்துப் படையிடமிருந்து ஒரு பேரிங் வாங்க வேண்டுமானால் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணிக்கையை அறிக்கையில் பதிவுசெய்யுங்கள். ஓராண்டு கழித்து அதே மூவரை மீண்டும் அழைத்து அதே கேள்வியைக் கேளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்,
கோயம்புத்தூர் மாவட்டம்